மணிக்கட்டு அவிழும் நேரம்

நம் பள்ளிக்கூட வாட்ஸப் குழுவில் போன வாரம் யாரோ என் அப்பாவின் போட்டோவைப் போட்டிருந்தீர்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த மைதானம், வெள்ளைத் தொப்பி, தோளுக்கு மேல் தூக்கிய கோல்ஃப் மட்டை. "கோல்ஃப் அங்கிள், என்ன ஸ்டைல்!" என்று ஒருவர். "நம்ம டவுன்ஷிப்பின் முதல் கோல்ஃபர்" என்று இன்னொருவர். வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள். நானும் ஒரு சிரிப்புப் பொம்மை போட்டேன். போட்டுவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தப் படத்தின் வலது ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கவிழ்த்துப் போட்ட நீல வாளி மேல் கவுன் போட்ட பெண் ஒருத்தி பாதி வெட்டுப்பட்டு உட்கார்ந்திருப்பாள். உங்களில் ஒருத்தர்கூட அவளைக் கவனிக்கவில்லை. அது நான். அவள் ஏன் அங்கே உட்கார்ந்திருந்தாள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நமக்கெல்லாம் தலை நரைக்க ஆரம்பித்தாயிற்று, பாதிப் பேர் சர்க்கரை மாத்திரை போடுகிறோம், இனி எதை மறைத்து யாருக்கு என்ன லாபம்? நீளமாக இருக்கும். பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே எழுந்து போகலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கம். ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த கோடை. நம் அணுபுரம் டவுன்ஷிப்பில் அந்த வருஷம் வெயில் தார்ச்சாலையை இளக்கி, நம் செருப்பையெல்லாம் பிடுங்கிக்கொண்டது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அப்பாவுக்கு மேலே இருந்த பெரிய ஆபீசர் வெளிநாட்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தார். வரும்போது ஒரு பை நிறைய கோல்ஃப் மட்டைகளும் வந்தன. மாமல்லபுரம் போகும் கடற்கரையில், சவுக்குத் தோப்புக்கு நடுவே ஓட்டல்காரர்கள் பந்து அடித்துப் பழகுவதற்கு ஒரு புல்தரை போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆபீசர் அங்கே போவார். அவர் காரில் அவரோடு இரண்டு பேர். நான்காவது இடம் காலி. அந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதுதான் அப்பாவுக்கு அந்தக் கோடை முழுக்க ஒரே நினைப்பு. ப்ரமோஷன் இன்டர்வியூ வேறு வந்துகொண்டிருந்தது.

ஆபீசர் தன் பழைய ஏழாம் நம்பர் மட்டை ஒன்றையும், வெட்டுப்பட்ட பந்துகள் ஒரு டஜனையும் அப்பாவுக்குக் கொடுத்தார். "நேரா அடிக்கக் கத்துக்கிட்டதும் சொல்லுங்க, கூட்டிட்டுப் போறேன்" என்றார். அப்பா அதை வேலை உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். யாரிடமோ ஒரு இங்கிலீஷ் புத்தகம் வாங்கி முழுசாக ஜெராக்ஸ் போட்டார். வாசல் மிதியடியைத் தூக்கிப்போய் மைதானத்தில் விரித்து அதன் மேல் பந்தை வைத்தார். தேங்காய் நார், வியர்வை, மட்டைப் பிடியின் ரப்பர் மூன்றும் சேர்ந்த அந்த வாசனை இப்போதும் எங்காவது அடித்தால் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடுவேன்.

விஷயம் இதுதான், விளங்கும்படி சொல்கிறேன். மட்டையை மேலே தூக்கும்போது மணிக்கட்டு மடங்கும். முன்கையும் மட்டையும் சேர்ந்து 'ட' மாதிரி ஒரு கோணம். கீழே வரும்போது அந்தக் கோணத்தைக் கலைக்கவே கூடாது. கை தொடைக்குப் பக்கத்தில் வந்த பிறகு, கடைசி நொடியில், மணிக்கட்டு தானாக அவிழ வேண்டும். அப்போதுதான் மட்டையின் தலை விசில் அடித்துக்கொண்டு போய்ப் பந்தில் விழும். மேலே இருக்கும்போதே அவிழ்த்துவிட்டால், வேகமெல்லாம் காற்றில் கரைந்துவிடும். பந்துக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. ஓங்கி அடிக்க வேண்டும் என்று யாருக்கு வெறி இருக்கிறதோ அவர்களுக்கு அது முதலிலேயே அவிழ்ந்துவிடும். அப்பாவுக்கு ஒவ்வொரு தடவையும் அவிழ்ந்தது.

தன் மணிக்கட்டைத் தானே பார்க்க முடியாதே. அதற்குத்தான் நான். பஸ் திருப்பத்தில் வரும்போதே நம்பரைப் படித்துச் சொல்லும் கண் எனக்கு. அப்பா தச்சரிடம் சொல்லி ப்ளைவுட்டில் பெரிய கோணமானி ஒன்று செய்து வாங்கி, ஒரு வாரம் எனக்குப் பழக்கினார். பிறகு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார வைத்தார். பந்தைப் பார்க்கக்கூடாது. அப்பாவின் முகத்தைப் பார்க்கக்கூடாது. மணிக்கட்டை மட்டும். கை தொடைக்கு வரும்போது கோணம் இருந்தால் "சரி". போய்விட்டிருந்தால் "அவுந்துடுச்சு". பந்து விழுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும்.

"யோசிச்சுச் சொன்னா அது பொய்யி, ஏட்டி" என்பார் அப்பா. தெற்கத்திக்காரர். "கண்ணு பாத்ததும் வாயி சொல்லணும். நடுவுல மூள வரப்பிடாது."

முதல் நாள் நாற்பது தடவை "அவுந்துடுச்சு" சொன்னேன். நாற்பத்தோராவது தடவை வாளியோடு சேர்த்து என்னை உதைத்தார். மறுநாள் பயந்துபோய் "சரி" என்றேன். பந்து மிதியடியை விட்டு நாலடி உருண்டு நின்றது. பொய் சொன்னதற்காக நடுமண்டையில் விரல் முட்டியால் குட்டு. இரண்டு வார்த்தைதான் எனக்கு அனுமதி, இரண்டுக்கும் அடி. கொஞ்ச நாளில் நான் யோசிப்பதையே விட்டுவிட்டேன். கண் பார்க்கும், வாய் சொல்லும். அடி விழும்போது விழட்டும். அப்பா நினைத்த மாதிரியே நான் தயாராகிவிட்டேன்.

வீட்டுக்குள் நடந்தது இன்னொரு கணக்கு. மைதானத்தில் பந்து போகாத நாளில் சாம்பாரில் உப்புக் கூடியிருக்கும், இல்லையென்றால் சட்டையில் பொத்தான் இருக்காது. அம்மாவின் கன்னத்தில் அறை விழும் சத்தம் நம் சி டைப் வீடுகளின் ஒற்றைச் செங்கல் சுவரைத் தாண்டாது என்று சொல்லாதீர்கள். தாண்டும். அது விழுந்ததும் இரண்டு பக்கமும் டீ.வி. சத்தம் கூடும். குழுவில் இருக்கும் சிலருக்கு அந்த ரிமோட் யார் கையில் இருந்தது என்று தெரியும். உங்களை இப்போது சண்டைக்கு இழுக்கவில்லை. ஆனால் கேட்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அம்மா மதுராந்தகம் பக்கத்து விவசாயக் குடும்பம். ஏரித் தண்ணீரில் மூன்று போகம் பார்த்தவர்கள். கல்யாணத்துக்கு முந்தின மாதம் வரை அம்மா களத்தில் கதிர் அடித்தவள். ஒரு நாள் மாலை அப்பாவுக்குக் காப்பி கொண்டுவந்தவள் டம்ளரை நீட்டியபடி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாங்க, கைய ஏன் மேலயே வுட்டுட்றீங்க? நாங்க கதிரு அடிக்க சொல்லோ கட்டு பின்னாடியேதான் வரும். பலகையாண்ட வந்தப்பறந்தான் கைய வுடுவோம். மேலயே வுட்டா நெல்லு உதிராது."

"ஒங்க ஊரு களமும் இதுவும் ஒண்ணாட்டி? போயி சோத்த வடி" என்றார் அப்பா.

அந்த வாரம் அப்பாவுக்கு மதிய ஷிஃப்ட். மூன்று மணிக்கு அம்மா கதவைப் பூட்டினாள். மட்டையும் பந்து டப்பாவும் அவள் கையில் இருந்தன. மைதானத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, மிதியடிக்கு முன்னால் நின்றாள். நான் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். முதல் வீச்சு காற்றில் போனது. இரண்டாவது மிதியடியைக் கிளப்பியது. மூன்றாவது கீழே வந்தபோது அம்மாவின் மணிக்கட்டில் அந்த 'ட' கலையாமல் வந்தது, வந்தது, வந்துகொண்டே இருந்தது. "சரி" என்றது என் வாய். 'உய்ங்' என்று ஒரு சத்தம். பந்து தண்ணீர்த் தொட்டிக்கு மேலே போய், சுற்றுச்சுவரைத் தாண்டி, பனைமரங்களுக்குள் எங்கோ விழுந்தது.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். நிற்கவே முடியாமல் மிதியடி மேல் உட்கார்ந்து இரண்டு பேரும் சிரித்தோம். அம்மாவுக்குக் கடைவாயில் ஒரு பல் இல்லை என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் போய்த் தேடினோம். முள்ளும் சப்பாத்திக்கள்ளியும் கிழித்ததுதான் மிச்சம், பந்து கிடைக்கவில்லை.

இரவு அப்பா டப்பாவைத் திறந்து பதினொன்று என்றார். அம்மா தட்டை எடுத்து வைத்தாள். நான் சொன்னேன். பெருமையாகச் சொன்னேன், அதுதான் கொடுமை. "அம்மா அடிச்சாங்கப்பா. தொட்டிய தாண்டி, சுவத்த தாண்டிப் போச்சு. கை அவுறவே இல்ல, கடைசி வரைக்கும்." அப்பாவுக்கு வழி தெரிந்துவிட்டது, இனி எங்களை அடிக்க மாட்டார் என்று நம்பினேன். அவர் ஷூ லேஸை அவிழ்த்தபடியே, "அப்படியா?" என்றார். சிரித்தமாதிரிகூட இருந்தது.

அடுத்த நான்கு நாள் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. பின்பக்கத்துக் குட்டி முற்றத்தில் துணி காயும் கொடியை அவிழ்த்துவிட்டு அம்மாவை நிறுத்தினார். நூறு தடவை வீசு என்றார். பாதியில் 'நில்லு' என்பார், கோணமானியை அவள் கையில் வைத்துப் பார்ப்பார், நோட்டில் எழுதுவார், 'திரும்ப' என்பார். அவள் உள்ளங்கை கொப்புளம் கட்டி உடைந்தது. தேங்காய் எண்ணெய் தடவித் துணி சுற்றிக்கொண்டு வீசினாள். எழுதிய எண்களை வைத்துக்கொண்டு அவர் மைதானத்துக்குப் போவார். அவருக்கு மேலேயே அவிழும். திரும்பி வந்து அவளைக் கேட்பார்.

"எந்த இடத்துல விடுத? சரியாச் சொல்லு."

"தெர்லீங்க. அதுவா வுட்டுக்கும்."

"அதுவா எப்படி விடும்? தெரியாமலா அடிச்ச?"

"மெய்யாலுமே தெர்லீங்க."

அறை. மறைக்கிறாள் என்று அவருக்கு நிச்சயம். எல்லாவற்றுக்கும் ஒரு அளவு உண்டு, அதை அவள் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள், நாலு அறை அறைந்தால் அவிழ்ந்து விழும் என்று என்ஜினியர் புத்தியில் பட்டிருக்கிறது. நம் அப்பாக்கள் நிறையப் படித்தவர்கள். கைக்குத் தெரிவது வாய்க்குத் தெரியாமல் இருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்த ஞாயிறு பார்த்து ஆபீசர் எல்லோரையும் குடும்பத்தோடு கூப்பிட்டார். வேன் வந்தது. அப்பா புது ஷூ. அம்மா அரக்குக் கலர் சேலை, கையில் சுற்றிய துணியைக் கழற்றியிருந்தாள். சவுக்குத் தோப்பைத் தாண்டினால் பச்சைப் புல், அதற்கு அந்தப் பக்கம் கடல். காற்று உப்பும் மீனுமாக வீசியது. இரண்டு வெள்ளைக்காரர்கள் பந்து அடித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவின் முதல் பந்து நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடியது. இரண்டாவது ஓடவே இல்லை. மூன்றாவதற்கு மட்டை தரையைக் கொத்தி, புல் மட்டும் பறந்தது. ஆபீசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்ன சார், தோட்ட வேலைக்கு வந்தீங்களா?" மற்றவர்களும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அவர் காது மடல் சிவந்திருந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை. ஆபீசரின் மனைவி எனக்கு ஆரஞ்சு ஜூஸ் கொடுத்துத் தலையைத் தடவினார். அந்த இரண்டு நிமிஷப் பிரியத்துக்கு நான் எதையாவது திருப்பிக் கொடுக்க வேண்டுமே. "எங்கம்மா நல்லா அடிப்பாங்க ஆன்ட்டி" என்றேன்.

"அட, வாங்க மேடம்!" என்று ஆபீசர் மட்டையை நீட்டினார்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "அடி. சார் சொல்லுதாருல்லா" என்றார் அப்பா, பல் தெரிய.

அம்மா செருப்பைக் கழற்றினாள். சேலையைச் செருகினாள். ஒரே ஒரு பந்து. அது நேராகக் கடலைப் பார்க்கப் போய், தூரம் காட்ட நட்டிருந்த கடைசிக் கொடிக்குப் பக்கத்தில் விழுந்தது. வெள்ளைக்காரர்கள்கூடக் கைதட்டினார்கள். ஆபீசர் அப்பாவின் தோளில் தட்டி, "அடுத்த வாரம் உங்க மிஸஸை அனுப்பி வைங்க, நீங்க பந்து பொறுக்க வாங்க" என்றார்.

அம்மா வேண்டுமென்றே தவறவிட்டிருக்கலாம். ஏன் விடவில்லை என்று பல வருஷம் நான் அவள் மேல் கோபமாக இருந்தேன். அடி வாங்கியவள் மேலேயே கோபப்படுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது பாருங்கள். இப்போது அந்தக் கோபம் இல்லை. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் செய்த ஒன்றை நாலு பேர் பார்த்துக் கைதட்டியது அந்த ஒரு தடவைதான். அதைக் கையிலிருந்து நழுவவிட அவளுக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தபோது ஆறு மணி, வெளிச்சம் இருந்தது. அப்பா கால் கழுவினார். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்தார். சொம்பை ஒழுங்காகக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து மட்டையை எடுத்தார்.

"ஏட்டி" என்றார் என்னைப் பார்த்து. நான் சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். "பாத்துக்கோ."

அந்தச் சொல்லைக் கேட்டதும் என் கண் தானாக அவர் மணிக்கட்டுக்குப் போய்விட்டது. அம்மா "வாணாங்க, பொண்ணு கீதுங்க" என்றாள். மட்டை மேலே போனது. அம்மா தலையை மறைத்து வலது கையைத் தூக்கினாள். மட்டை கீழே வந்தது. முன்கையும் மட்டையும் 'ட' போட்டு, கலையாமல், தோளைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி வந்தது. கோடை முழுக்க வராத அந்தக் கோணம் அன்றைக்கு வந்துவிட்டது.

"சரி" என்றேன்.

முருங்கைக் கிளை முறிகிற சத்தம் கேட்டது. அம்மா சுவரோடு சறுக்கி உட்கார்ந்தாள். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே அவள் கை புதிதாக ஓர் இடத்தில் வளைந்திருந்தது. அவள் கத்தவில்லை. என்னைப் பார்த்தாள். அப்பா தன் இரண்டு கையையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, ஏதோ விடை கிடைத்த முகம். அடுத்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் படம், சண்டைக் காட்சி, சத்தம் கூடியது. நான் இருந்த இடத்திலேயே கவுனை நனைத்துக்கொண்டேன்.

நம் டவுன்ஷிப் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. அங்கே எல்லோரும் தெரிந்தவர்கள். மரஸ்கேல் ஒன்றை வைத்து, தன் மணிக்கட்டுக்குச் சுற்றும் க்ரேப் பேண்டேஜால் அவள் கையைக் கட்டி, மறுநாள் காலை செங்கல்பட்டுக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனார். முந்தானையால் மூடிக்கொள்ளச் சொன்னார். திருக்கழுக்குன்றம் வரை ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு குழிக்கும் அம்மா பல்லைக் கடித்தாள், அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. "பாத்ரூம்ல வழுக்கி விழுந்தா. யாரு கேட்டாலும் அதான்" என்றார் அப்பா, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரேவுக்குச் சீட்டு வாங்க அப்பா வரிசையில் நின்றார். அப்போது அம்மா இடது கையால் என் தாடையைப் பிடித்துத் திருப்பினாள்.

"இத பாரு. உன்ன கேப்பாங்க. நான் சொன்னா அவரு இல்லன்னுவாரு, அவரு இங்கிலீஷுல பேசுவாரு. நீ சொன்னா நம்புவாங்க. உள்ளத உள்ளபடி சொல்லு. போலீசு வரும், வரட்டும். உன்ன எங்கூட அனுப்பிடுவாங்க. நாம ரெண்டு பேரும் மாமா வூட்டுக்குப் போயிடலாம். இன்னா, சொல்றியா?"

மாமா அம்மாவின் தம்பி. மதுராந்தகத்தில் நெல் மூட்டை ஏற்றும் வேன் வைத்திருந்தார். நான் தலையை ஆட்டினேன்.

டாக்டர் ஒரு பெண். எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்து நிறைய நேரம் பார்த்தார். "மாவுக்கட்டுக்கு இதெல்லாம் வெளியே வாங்கிட்டு வாங்க சார்" என்று அப்பாவை அனுப்பினார். அம்மாவை நர்ஸ் கதவோரம் கூட்டிப்போனதும் என்னைப் பக்கத்தில் இழுத்து, குரலைத் தாழ்த்தினார்.

"கீழ விழுந்தா கை இந்த இடத்துல இப்படி உடையாதும்மா. தலையில அடி விழாம கையத் தூக்கித் தடுத்தாத்தான் இப்படி உடையும். நீ அங்க இருந்தியா? பயப்படாம சொல்லு. என்ன பார்த்த?"

என்ன பார்த்தேன் என்று கேட்டார். நான் பார்த்தது அப்பாவின் மணிக்கட்டை. அதைச் சொன்னால் நீ என்ன செய்தாய் என்று அடுத்துக் கேட்பார். 'சரி' என்றேன் என்று சொல்ல வேண்டும். போலீஸ் என்னையும் பிடிக்கும். அதைவிட, அம்மாவுக்கு நேராக அதைச் சொல்ல வேண்டும். பத்து வயசு மூளையில் இவ்வளவும் ஒரு நொடியில் ஓடியது. அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு யோசித்துப் பேசினேன்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க டாக்டர்" என்றேன்.

"நிஜமாவா?"

"நிஜமா."

அவர் இன்னொரு தடவை கேட்டார். நான் இன்னொரு தடவை சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு எழுதினார். கட்டுப் போட்டு முடிந்ததும் அப்பா எங்களைப் பின்பக்க வாசல் வழியாகக் கூட்டிப்போனார், அந்தப் பக்கம்தான் பஸ் ஸ்டாண்டுக்குக் குறுக்கு வழி. அம்மா பஸ்ஸில் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகு அந்த நாளைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. 'சரி' சொன்ன மகளை எந்த அம்மா மன்னிப்பாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

கட்டுப் பிரித்தபோது எலும்பு கோணலாகக் கூடியிருந்தது. வலது உள்ளங்கை வானத்தைப் பார்க்கத் திரும்பாது. கோயிலில் தீர்த்தம் வாங்க இடது கையை நீட்டுவாள், குருக்கள் முகம் சுளிப்பார், அவள் விளக்கம் சொல்ல மாட்டாள். ப்ரமோஷன் அப்பாவுக்குக் கிடைத்தது. மட்டையை அவர் அதன் பிறகும் மைதானத்துக்குத் தூக்கிப்போனார். நீங்கள் போட்ட படம் அதற்கு அடுத்த மாதம் எடுத்தது. ஆமாம், நான் அப்போதும் வாளி மேல் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் அடி நிற்கவில்லை. நான் காலேஜ் முடிக்கும்வரை அம்மா அதைத் தின்றாள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு எனக்குப் பழைய மாமல்லபுரம் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்தது. மூன்றாம் மாதமே கேளம்பாக்கத்தில் வீடு பார்த்து அம்மாவைக் கூட்டிவந்துவிட்டேன். அப்பா தடுக்கவில்லை, அவருக்கும் வயசாகிவிட்டிருந்தது. சில வருஷம் கழித்து, அவர் காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மா கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அரிவாள்மணையில் இடது கையால்தான் நறுக்குவாள். எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன்.

"ம்மா, அன்னிக்கு நான் 'சரி'ன்னு சொன்னேனே. அதுக்கு என்னை மன்னிச்சுட்டியா?"

"என்னிக்கி?"

"கை உடைஞ்ச அன்னிக்கு. அவர் ஓங்கினப்ப."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். உண்மையிலேயே புரியாத முகம்.

"நீ எங்கடி சொன்ன? எனக்கு ஒண்ணும் கேக்கல. கை ஒடைய சொல்லோ எவளுக்கு காது கேக்கும்?"

பதினைந்து வருஷம் நான் சுமந்தது அவள் காதிலேயே விழவில்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அப்புறம் ஏம்மா என்கூடப் பேசாம இருந்த?" என்றேன். அவள் நாலைந்து காய் நறுக்கினாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிறாள் என்று தெரிந்தது.

"உன் மாமன் அன்னிக்கி வேன எட்துகினு வந்துருந்தான்" என்றாள். "விடிய சொல்லோ பக்கத்து வூட்டு போன்ல நான்தான் சொன்னேன். உள்ள வராத, நீ அவர அடிச்சிட்டின்னா கேசு உன் மேல திரும்பிடும், முன்வாசலாண்ட நில்லு, டாக்டரு போலீசுக்கு சொன்னதும் கூப்புட்றேன்னேன். நீ பேச சொல்லோ நான் கதவாண்டதான் நின்னுகினு உன் வாயவே பாத்துகினு இருந்தேன்."

"நீ மட்டுமாவது போயிருக்கலாமேம்மா" என்றேன்.

"நீ அப்பா பக்கம்னு நெனச்சிகினேன். ரெண்டு தபா கேட்டாங்க, ரெண்டு தபாவும் அவருக்குத்தான் சொன்ன. இவ அவர வுட்டுட்டு வரமாட்டான்னு ஆயிடுச்சி. உன்ன அந்தாளாண்ட வுட்டுட்டு நான் எப்டிடி வேன்ல ஏறுவேன்?"

கொத்தவரங்காயை அள்ளிக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள். மாமா அன்றைக்கு வெயில் சாயும்வரை ஆஸ்பத்திரி முன்வாசலில் நின்றுவிட்டு, காலி வேனோடு திரும்பிப் போயிருக்கிறார்.